மூக்கு போட்ட மார்க்

மார்க் போடுவது என்றால் நம்மவர்களுக்குத் தனி உற்சாகம். பள்ளிக்கூடத்தில் வாத்தியார் போடுகிறார். பெண் பார்க்க வருகிறவர்கள் பெண்ணுக்கு ஒன்று, பஜ்ஜிக்கு ஒன்று, சொஜ்ஜிக்கு ஒன்று என்று தனித்தனியாகப் போட்டுவிட்டுப் போகிறார்கள். கச்சேரியில் முன் வரிசைப் பெரியவர் தலையை ஆட்டுகிற வேகத்திலேயே பாடகருக்கு நூற்றுக்கு எத்தனை என்று தெரிந்துவிடும். ஆனால், குடிக்கிற பானத்தை எதிரே வைத்துக்கொண்டு, நோட்டுப் புத்தகத்தில் கோடு போட்டு, வாசனைக்கு இத்தனை, ருசிக்கு இத்தனை என்று மார்க் எழுதும் மனிதரை என் புகுந்த வீட்டில்தான் முதன் முதலில் பார்த்தேன். அவர் என் கணவரின் தம்பி. அந்தப் பானம், பீர்.

பீர் என்றதும் பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள், சகோதரிகளே! நடுவில் காப்பியும் வருகிறது.

எங்கள் வீடு படப்பையில் இருக்கிறது. வண்டலூரிலிருந்து வாலாஜாபாத் போகும் சாலையில், தாம்பரத்துக்கு மேற்கே உள்ள ஊர். ஒரகடத்துத் தொழிற்சாலைகளுக்குப் போகும் லாரிகள் வாசல் வழியாக இராப்பகலாக உறுமிக்கொண்டு போகும். கொல்லைப்புறம் வந்தால் வாழையும் முருங்கையும் கோழியுமாக இன்னும் கிராமம். நான் காலையில் பஸ் பிடித்துத் தாம்பரம் போய், அங்கே மின்சார ரயில் பிடித்துப் பத்திரிகைக் காரியாலயத்துக்குப் போய்ச் சேர்வதற்குள் பாதி நாள் ஆயுசு போய்விடும். அது வேறு கதை.

கொழுந்தன் எடின்பரோவில் ஒரு வங்கியில் கம்ப்யூட்டர் உத்தியோகம் பார்க்கிறான். சென்ற மார்கழியில் ஒரு மாத லீவில் வந்தபோது, பெட்டியில் மூன்று சின்னப் பாட்டில் பீரும், தடித்த நோட்டுப் புத்தகம் ஒன்றும், மனசில் ஒரு விண்ணப்பமும் கொண்டு வந்திருந்தான். விண்ணப்பம் இதுதான்: வங்கி வேலையை விட்டுவிட்டு, அதே ஊரில் ஹெரியட்-வாட் பல்கலைக்கழகத்தில் பீரும் விஸ்கியும் வடிக்கும் சாஸ்திரத்தை முறையாகப் படிக்க வேண்டும். அதற்கு அப்பா அம்மாவின் சம்மதம் வேண்டும்.

மாமனார் கையிலிருந்த செய்தித்தாளை நான்காக மடித்தார். "சாராயம் காய்ச்ச எம்.எஸ்ஸி.யா?" என்றார். ரயில்வேயில் முப்பத்தைந்து வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவர் கேட்ட மற்றக் கேள்விகளை அச்சில் போட முடியாது.

மாமியார் ஒன்றும் கேட்கவில்லை. அடுப்பிலிருந்த பருப்பை இறக்கி வைத்துவிட்டுக் கொல்லைப்பக்கம் போய்விட்டார்.

அவர் ஏன் போனார் என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். அவருக்கு ஓர் அண்ணன் இருந்தார். 1948 முதல் சென்னை மாகாணம் முழுவதிலும் இருந்த மதுவிலக்கு 1971-ல் நீக்கப்பட்டபோது அந்த அண்ணனுக்கு இருபத்து மூன்று வயசு. புதிதாகக் கடை திறந்த சந்தோஷத்தில் நண்பர்களோடு போனவர்தான். நடுவில் மறுபடி மதுவிலக்கு வந்தது, போயிற்று. இவர் மட்டும் நிறுத்தவில்லை. ஏரிக்கரையை ஒட்டிய நிலம் போயிற்று. அண்ணியின் தாலிச் சரடு போயிற்று. நாற்பத்தோராவது வயசில் அவரும் போனார். மாமியார் தம் அண்ணனைப் பற்றிப் பேசினால் ஒரே வாக்கியம்தான் பேசுவார்: "எங்கண்ணன் நல்லாப் பாடும்."

இப்படிப்பட்ட வீட்டில்தான் என் கொழுந்தன் நோட்டுப் புத்தகத்தைத் திறந்தான்.

பீர்ப் போட்டிகளில் நடுவர்கள் பின்பற்றும் முறை ஒன்று இருக்கிறது. மொத்தம் 50 மார்க். அதில் வாசனைக்கு 12, பார்வைக்கு 3, ருசிக்கு 20, வாயில் அது தங்கும் விதத்துக்கு, அதாவது கனமா, நீர்த்ததா, நாக்கைப் பிடிக்கிறதா என்பதற்கு 5, மொத்தத்தில் எப்படி என்பதற்கு 10. பார்வைக்கு வெறும் 3 தான் என்பதைக் கவனித்தீர்களா? பெண் பார்க்கப் புறப்படும் கோஷ்டிகளுக்கு இந்தப் பட்டியலை அச்சடித்து அனுப்பினால் தேவலை என்று எனக்குத் தோன்றியது.

"தம்பி, பீர் என்றால் என்னதான் அது? எதிலிருந்து வருகிறது?" என்று கேட்டேன். சம்மதத்துக்கும் எனக்கும் சம்பந்தமில்லை. பத்திரிகைக்காரியின் நாக்கு அரிப்பு.

"அண்ணி, குழந்தைக்குக் கேழ்வரகு முளை கட்டி, காயவைத்து, அரைத்துக் கஞ்சி காய்ச்சுகிறீர்களே, அதில் பாதிதான் இது" என்று ஆரம்பித்தான். பார்லியை ஊறவைத்து முளை கட்டுகிறார்கள். முளை நீளுவதற்குள் காயவைத்து வறுக்கிறார்கள். இளம் வறுவலானால் பொன்னிறம், முறுகினால் காப்பிக்கொட்டை நிறம். அதை உடைத்து, கை பொறுக்காத சூட்டில், சுமார் 65 டிகிரி வெந்நீரில் ஊறவைத்தால், தானியத்திலிருக்கும் மாவுச்சத்து தானாகவே சர்க்கரையாக மாறுகிறது. அந்தத் தித்திப்புத் தண்ணீரை இறுத்து, ஹாப்ஸ் என்ற ஒரு கொடியின் பூவைப் போட்டுக் கொதிக்கவிட்டால் கசப்பும் வாசனையும் ஏறுகின்றன. ஆறியதும் ஈஸ்ட் போட்டுப் புளிக்கவிடுகிறார்கள். ஆப்பத்துக்கு மாவு பொங்குகிற அதே சமாசாரம்தான். அங்கே காற்று நமக்கு வேண்டும், இங்கே மது அவர்களுக்கு வேண்டும்.

ஸ்காட்லாந்து குளிர் நாடு. பார்லி நன்றாக விளையும். ஹாப்ஸ் விளையாது, தெற்கே இங்கிலாந்திலிருந்து வர வேண்டும். ஆகவே அந்தக் காலத்து ஸ்காட்லாந்து பீர்களில் கசப்புக் குறைவு, தானியத்தின் தித்திப்பு அதிகம் என்று சொல்வதுண்டு. பெயர் வைப்பதிலும் அவர்கள் சிக்கனக்காரர்கள். பீப்பாய்க்கு இத்தனை ஷில்லிங் என்ற விலையே பீரின் பெயர்: அறுபது ஷில்லிங், எழுபது ஷில்லிங், எண்பது ஷில்லிங். விலை ஏற ஏறச் சரக்குக் கெட்டி. பிரிட்டனில் ஷில்லிங் கணக்கே 1971-ல் வழக்கொழிந்துவிட்டது. பீரில் மட்டும் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டிருக்கிறது. நம் நாட்டு பீர்க் கதையிலும் ஸ்காட்லாந்துக்காரர் ஒருவர் உண்டு. 1915-ல் தென்னிந்தியாவில் சிதறிக் கிடந்த சில ஆலைகளை ஒன்று சேர்த்து யுனைடெட் புரூவரீஸ் என்ற கம்பெனியை உண்டாக்கியவர் தாமஸ் லீஷ்மன் என்ற ஸ்காட்லாந்துக்காரர்தான்.

இதையெல்லாம் விட என்னை நிமிர்ந்து உட்காரவைத்தது வேறொரு விஷயம். இடைக்கால ஸ்காட்லாந்தின் ஊர்களில் ஏல் என்ற அந்தப் பானத்தைக் காய்ச்சியவர்கள் பெரும்பாலும் பெண்கள். வீட்டு அடுப்பில் காய்ச்சி வீட்டு வாசலில் விற்றார்கள். ருசி பார்த்துச் சொல்ல ஊர் சார்பில் ஆட்கள் இருந்தார்கள். மட்டமாகக் காய்ச்சிய பெண்ணுக்கு அபராதம்; அவள் காய்ச்சியதைப் பறித்து ஏழைகளுக்குக் கொடுத்துவிட வேண்டும் என்றும் பழைய நகரச் சட்டம் சொல்லியது. ஏழைகள் என்ன பாவம் செய்தார்களோ!

கொழுந்தன் கொண்டு வந்த மூன்று பாட்டில்களும் ஒரே இடத்தில் தயாரானவை. ஸ்காட்லாந்தின் தெற்கு எல்லைப் பக்கத்தில், ட்வீட் நதிக்கு அருகே, டிராக்வேர் என்று ஒரு மாளிகை. 1107-லிருந்து அதற்குச் சரித்திரம் சொல்கிறார்கள். அதன் பெரிய வாசலில் இரண்டு கல் கரடிகள். 1745-ல் ஸ்டுவர்ட் வம்சத்து இளவரசன் சார்லஸ் அந்த வழியாகப் போனபின் வாசலைப் பூட்டிவிட்டார்களாம். மறுபடி ஸ்டுவர்ட் ஒருவர் பட்டத்துக்கு வரும் வரையில் திறப்பதில்லை என்று சபதம். இன்றும் பூட்டியே கிடக்கிறது. நம் ஊர் ஜமீன்தார்கள் கோபித்துக்கொண்டால் தலைமுறைக்குப் பேசமாட்டார்கள் என்பார்கள். இது அதையும் மிஞ்சியது.

அந்த மாளிகையின் ஒரு பக்கத்தில் பழைய மடைப்பள்ளி போல ஒரு பீர்க் கூடம். 1739-ல் வைத்த செப்புக் கொப்பரை. நூறு வருஷத்துக்கு மேல் யாரும் தொடாமல் தட்டுமுட்டுச் சாமான்களோடு அடைந்து கிடந்ததை 1965-ல் மாளிகையின் அப்போதைய சொந்தக்காரர் பீட்டர் மாக்ஸ்வெல் ஸ்டுவர்ட் துப்புரவு செய்து, மறுபடி காய்ச்ச ஆரம்பித்தார். ஓக் மரத் தொட்டிகளில் புளிக்கவைக்கிறார்கள். கைத்தொழிலாகச் சிறிய அளவில் பீர் காய்ச்சுவது உலகமெங்கும் பெரிய மோஸ்தராவதற்கு வெகு காலம் முன்பே ஆரம்பித்த இடம் அது. அவருக்குப் பின் பொறுப்பேற்றவர் மகள் காதரின். அந்த மாளிகையின் இருபத்தோராவது சீமாட்டி.

"பொம்பளையா நடத்துறா?" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. மாமியார் கொல்லையிலிருந்து எப்போதோ வந்துவிட்டிருந்தார்.

"ஆமாம்மா."

"புருஷன் குடிக்கிறானா?"

"அது தெரியாதும்மா."

"தெரிஞ்சுக்கிட்டு வந்து பேசு."

அன்று மாலை திண்ணையில் மூன்று பாட்டில்களும் திறக்கப்பட்டன. சாமி அறை இருக்கிற வீட்டுக்குள் கூடாது என்பது மாமியாரின் உத்தரவு. ஆளுக்கு மூன்று தேக்கரண்டி. அதற்கு மேல் ஒரு சொட்டுக் கூடாது என்பது அடுத்த உத்தரவு. மாமனார் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார். ஆனால் எழுந்து போகவில்லை.

முதலாவது, கரடியின் பெயரையே தாங்கிய பேர் ஏல். நூற்றுக்கு 5 பங்கு மது. தேன் நிறம். என் நாக்குக்கு அது முளை கட்டிய தானியம், கொஞ்சம் ரொட்டி ஓரம், முடிவில் மெல்லிய கசப்பு. 50-க்கு 30 போட்டேன். குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. ஞாபகம் வைத்துக்கொள்ளவும் ஒன்றுமில்லை. சில மாப்பிள்ளைகள் அப்படி இருப்பார்கள்.

இரண்டாவது, அந்த வீட்டின் பெயரிலேயே வரும் ஹவுஸ் ஏல். 7.2 பங்கு. கறுத்த சிவப்பு. உலர்ந்த திராட்சையும் கருப்பட்டியும் கலந்த தித்திப்பு. விழுங்கிய பிறகு பீரோவைத் திறந்தால் வருமே, அந்த மர வாசனை. 39. என் வீட்டுக்காரர் 45 போட்டுவிட்டு நான்காவது கரண்டிக்குக் கை நீட்டினார். தாயார் பார்த்த பார்வையில் கை திரும்பிவிட்டது.

மூன்றாவது, ஜாக்கபைட் ஏல். 8 பங்கு. சார்லஸ் இளவரசனின் கலகத்துக்கு 250 வருஷம் நிறைந்ததை ஒட்டி 1995-ல் காய்ச்ச ஆரம்பித்தது. கிட்டத்தட்டக் கறுப்பு. வாயில் போட்டதும் சாக்லேட், பிறகு எனக்கு வெகு பழக்கமான ஒரு வாசனை. பழக்கமானது என்று தெரிகிறது, பெயர் வரவில்லை. கொழுந்தன் தன் நோட்டைக் காட்டினான். இரண்டு வருஷம் முன்பு முதல் தடவை ருசித்த அன்று அவனும் "ஏதோ மசாலா" என்றுதான் எழுதியிருந்தான். பாட்டிலைத் திருப்பி லேபிலைப் படித்த பிறகுதான் தெரிந்ததாம்.

"லேபிலைப் பார்க்காதீங்க அண்ணி, யோசிங்க" என்றான்.

நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே மாமியார் திண்ணைக்கு வந்தார். குடிக்கமாட்டேன் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டு, தம்ளரை எட்டி வாங்கி, புடைவைத் தலைப்பால் ஒரு தடவை மூக்கைத் துடைத்துக்கொண்டு, முகர்ந்தார். இரண்டு விநாடி இருக்கும்.

"கொத்தமல்லி விதை. வறுக்காம இடிச்சது. இதைப் போய் இதுல ஏன் போட்டாங்க?"

கொழுந்தன் பேனாவைக் கீழே போட்டுவிட்டான். லேபிலில் இருந்ததும் அதுதான்: கொத்தமல்லி.

அடுத்த தம்ளரை அவனே நீட்டினான். ஹவுஸ் ஏலுக்கு அவர் சொன்னது: "பழைய மரப்பெட்டி. திராட்சை. பாகு பதம் தப்பிக் கொஞ்சம் கருகியிருக்கு." பேர் ஏலுக்கு: "முளைகட்டின தானியத்தை வெயில்ல போட்டா முதல் நாள் சாயங்காலம் வருமே, அது. கூட ஏதோ கசப்புப் பூ." நோட்டில் அவன் ஆங்கிலத்தில் அரைப் பக்கம் எழுதி வைத்திருந்ததை இவர் ஒரு மூச்சில் சொல்லிவிட்டார். பெயர் கிடைத்த பிறகு ஜாக்கபைட்டுக்கு நான் 34 போட்டேன். நல்ல சரக்குத்தான், ஆனால் கொத்தமல்லி வாசனை வந்ததும் என் நாக்கு புளிக்கும் மிளகுக்கும் காத்துக்கொண்டே இருந்தது.

ருசி என்று நாம் நினைப்பதில் பெரும் பகுதி மூக்கின் வேலை. சந்தேகமானால் மூக்கை விரல்களால் பிடித்துக்கொண்டு கொஞ்சம் ஓமத்தை மென்று பாருங்கள். காரமும் கசப்பும் தெரியும். ஓமம் என்று தெரியாது. விரலை எடுத்தால் அடுத்த கணமே ஓமம் வந்து நிற்கும். நாக்குக்குத் தெரிந்தவை தித்திப்பு, புளிப்பு, உப்பு, கசப்பு என்று விரல் விட்டு எண்ணக்கூடியவை. மற்றதெல்லாம் வாயின் பின்புற வழியாக மூக்குக்கு ஏறிப் போய்த்தான் தெரிகிறது. அந்த மூக்கைப் பழக்க எடின்பரோவில் வகுப்பு வைத்துக் காசு வாங்குகிறார்கள். படப்பையில் அது ரசப்பொடி இடிக்கும் நேரத்தில் தானாகப் பழகியிருக்கிறது.

மீதி பீர் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். தாயார் கண் முன்னால் கொழுந்தனே கொண்டு போய் வாழை மரத்தடியில் ஊற்றினான். என் வீட்டுக்காரர் அந்த வாழையைப் பொறாமையோடு பார்த்துக்கொண்டு நின்றார்.

இத்தனை நேரமும் முதுகைக் காட்டிக்கொண்டிருந்த மாமனாருக்குப் பொறுக்கவில்லை. "இந்தக் கழுநீருக்கெல்லாம் மார்க் போடுவது ஒரு வித்தையா? காப்பிக்குப் போடச் சொல், பார்க்கலாம்!" என்றார். எங்கள் வீட்டில் காப்பி என்றால் மாமனார்தான் ஹைகோர்ட். ஐம்பது வருஷமாக முதல் டிகாக்ஷனில் முதல் தம்ளர் அவருடையது. ஒரு வாய் குடித்துவிட்டு டபராவை நகர்த்தி வைத்தாரானால் அப்பீல் கிடையாது, மறுபடி போட வேண்டியதுதான்.

மறுநாள் தாம்பரம் மார்க்கெட்டிலிருந்து நான்கு பொட்டலம் வந்தது. ஒன்று சிக்கரி கலக்காத சுத்தக் காப்பி. இரண்டாவதில் சிக்கரி 20 பங்கு. மூன்றாவதில் 30. நான்காவது, கடையில் பாக்கெட்டாகவே விற்கிறது, அதில் 47. நம் சட்டப்படி காப்பிப்பொடி என்று விற்கும் கலவையில் காப்பி 51 பங்காவது இருக்க வேண்டும், எத்தனைக்கு எத்தனை என்று பாக்கெட்டின் மேல் அச்சிட்டிருக்க வேண்டும். பொடி எழுத்தில் இருக்கும். கண்ணாடி போட்டுக்கொண்டு படியுங்கள். சில்லறையாக வாங்கும் பொடியில் சந்தேகமிருந்தால் ஒரு கண்ணாடித் தம்ளர் பச்சைத் தண்ணீரில் ஒரு சிட்டிகை தூவிப் பாருங்கள். காப்பி மிதக்கும், சிக்கரி பழுப்பு நிறமாகக் கோடு இழுத்துக்கொண்டு அடிக்குப் போகும்.

சிக்கரியை விஷமாகப் பேச வேண்டியதில்லை. அது ஒரு செடியின் வேர். நம் நாட்டில் குஜராத்திலும் உத்தரப் பிரதேசத்திலும் பயிராகிறது. வறுத்து அரைத்தால் நிறமும் கெட்டியும் லேசான தித்திப்பும் கொடுக்கும். காப்பியில் உள்ள கஃபீன் அதில் துளியும் இல்லை. நெப்போலியன் காலத்தில் பிரிட்டனோடு நடந்த வியாபாரச் சண்டையில் ஐரோப்பாவுக்குக் காப்பி வராமல் போனபோது, பிரெஞ்சுக்காரர்கள் இந்த வேரைக் குடித்துக் காலம் தள்ளினார்கள். ஸ்காட்லாந்துக்காரர்கள் இதிலும் விடவில்லை. 1876-ல் கிளாஸ்கோவில் பேட்டர்ஸன் கம்பெனி, காப்பியும் சிக்கரியும் சர்க்கரையும் சேர்த்துப் பாகாகக் காய்ச்சி, காம்ப் காப்பி என்று பாட்டிலில் விற்க ஆரம்பித்தது. பழைய லேபிலில் ஸ்காட்லாந்துச் சிப்பாய் கூடாரத்தின் முன் உட்கார்ந்திருப்பார். தலைப்பாகைக் கட்டிய சீக்கியர் ஒருவர் தட்டோடு பக்கத்தில் நிற்பார். பிற்காலத்தில் தட்டு மறைந்தது. அதற்கும் பிறகு, இந்த நூற்றாண்டில், அந்தச் சீக்கியரும் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு கையில் கோப்பையோடு காப்பி குடிக்கிறார். ஒரு மனிதர் உட்கார்ந்து தம் காப்பியைத் தாமே குடிக்க நூறு வருஷத்துக்கு மேல் ஆகியிருக்கிறது.

நான்கு ஃபில்டர், நான்கு தம்ளர். அடியில் நம்பர் ஒட்டியது கொழுந்தன். யாருக்கும் சொல்லக் கூடாது. முதலில் பாலும் சர்க்கரையும் இல்லாமல் ஒரு கரண்டி, பிறகு பாலோடு. மாமனார் நீதிபதி போல மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தார். ஒவ்வொன்றையும் வாயில் வைத்துக் கண்ணை மூடித் தியானம் செய்தார். தீர்ப்பு: நான்காவதற்கு 46. "இதுதான் காப்பி! மற்றது எல்லாம் தண்ணீர்." முதலாவதற்கு 19. "இதை எந்த மடையன் வாங்கினான்?"

நம்பரைத் திருப்பிப் பார்த்தால், 46 வாங்கியது பாதிக்குப் பாதி சிக்கரி. 19 வாங்கியது சுத்தக் காப்பி. மாமனார் அசையவில்லை. "எனக்குப் பிடித்தது எது என்று எனக்குத் தெரியும்" என்றார். நியாயமான பதில்தான், பழகிய ருசிக்கு யார் சட்டம் போட முடியும்?

"அத்தை, நீங்களும் வாங்க" என்றேன்.

"எனக்கென்னடி தெரியும், மார்க் போட நான் வாத்தியாரா?" என்றுதான் வந்தார். பால் சேர்க்காத தம்ளர்களை முகர்ந்து, நுனி நாக்கில் வைத்து, வரிசையாகச் சொன்னார். "இதுல சிக்கரி இல்லை. இதுல கொஞ்சம். இதுல அதைவிடக் கொஞ்சம் கூட. இது..." நான்காவதை எடுத்தவர் மாமனாரைப் பார்த்துவிட்டு, "இது உங்கப்பாவுக்குப் பிடிச்சது" என்று கீழே வைத்தார். அப்புறம், இரண்டாவது பொட்டலம் அரைத்து நாளாகிவிட்டது, கடைக்காரனைக் கேளுங்கள் என்றார்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. இந்த அம்மாள் முதல் டிகாக்ஷன் குடித்து நான் பார்த்ததே இல்லை. முதலாவது மாமனாருக்கும் பிள்ளைகளுக்கும். விருந்தாளி வந்தால் விருந்தாளிக்கு. வேலைக்குப் போகிறவள் என்று எனக்கும் அதிலேதான். எல்லோரும் குடித்து முடிந்த பிறகு, ஃபில்டரில் இரண்டாம் தடவை வெந்நீர் ஊற்றி இறங்குவதில், மிச்சமிருக்கும் பாலைக் கலந்து, சமையலறை வாசற்படியில் உட்கார்ந்து ஆறிப்போனதைக் குடிப்பார்.

"குடிக்காமலே எப்படி அத்தை தெரியும் உங்களுக்கு?"

"குடிச்சாத்தான் தெரியுமா? அம்பது வருஷமா பொடியை அள்ளிப் போடறேன். மூடியைத் திறந்தா மூக்குக்குத் தெரியாதா?"

"சரி, உங்களுக்கு எது பிடிச்சிருக்கு?"

அவர் பதில் சொல்லவில்லை. தெரியாமல் அல்ல, அந்தக் கேள்வி புதிது. நான்கு தம்ளரையும் மறுபடி ஒரு சுற்றுப் பார்த்தார். அப்புறம் முதல் தம்ளரை, மாமனார் 19 போட்டதை, கையில் எடுத்துக்கொண்டு, "இதுல ரெண்டு கரண்டி பால், அரைக் கரண்டி சர்க்கரை" என்றார். நான் கலந்து கொடுத்தேன். கூடத்தில், நாற்காலியில் உட்கார்ந்து, சூடாகக் குடித்தார். கொழுந்தன் நோட்டைத் திறந்துகொண்டு காத்திருந்தான்.

"எத்தனை போடட்டும்மா?"

"இருடா, குடிச்சு முடிக்கிறேன்" என்றார்.

அன்று முதல் எங்கள் வீட்டில் இரண்டு ஃபில்டர். பெரியது மாமனாரின் 46-க்கு. சின்னது ஒன்று என் வீட்டுக்காரர் தாம்பரத்திலிருந்து வாங்கி வந்தார். ஒரு தம்ளருக்குத்தான் காணும். செலவு அதிகம் என்று மாமனார் முணுமுணுக்கிறார். ஒரு நாள் மத்தியானம் யாரும் இல்லை என்று நினைத்துச் சின்ன ஃபில்டரைத் திறந்து முகர்ந்துகொண்டிருந்ததை நான் பார்த்தேன்.

சம்மத விஷயம் அப்படியே நின்றது. ஊருக்குப் புறப்பட ஐந்து நாள் இருக்கும்போது மாமியாரே கேட்டார்: "ஒரு நாளைக்கு எத்தனை வாய்?"

கொழுந்தன் பூசி மெழுகவில்லை. படிப்பில் பெரும்பாலும் ரசாயனமும் கிருமி சாஸ்திரமும் யந்திரமும்தான். ருசி பார்ப்பது கொஞ்சம். தேயிலைக்கும் காப்பிக்கும் ருசி பார்க்கிறவர்கள் உறிஞ்சிவிட்டுத் துப்பிவிடுவார்கள். பீரில் பொதுவாக விழுங்கித்தான் பார்ப்பார்கள். தொண்டையில் இறங்கும்போது தெரியும் கசப்பும் கணக்கில் சேர்த்தி. வேலைக்குப் போனால் சில நாள் சின்னச் சின்னக் கிண்ணமாக ஐந்தாறு வரும்.

"உங்க மாமாவும் முதல்ல கொஞ்சந்தான்னார்."

அதற்கு அவனிடம் பதில் இல்லை. என்னிடமும் இல்லை. ருசிக்கத் தெரிந்தவன் குடிகாரனாக மாட்டான் என்று யாராவது சொன்னால் நம்புவதற்கு நான் தயாராக இல்லை. நாக்கு நுட்பமான எத்தனையோ பேர் கெட்டுப் போயிருக்கிறார்கள். ஆனால் அந்த மாமா எதையும் முகர்ந்து பார்த்ததாக யாரும் சொன்னதில்லை. மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒரே மடக்காக விழுங்குவாராம். மாமியார்தான் ஒரு தடவை என்னிடம் சொன்னார்.

"வாரா வாரம் போன் பண்ணுவேம்மா. எத்தனை வாய்னு கேளு, சொல்றேன்."

"நான் கேக்கறது இருக்கட்டும். பொய் சொன்னா குரல்லயே தெரியும்" என்றார் மாமியார். வேண்டாம் என்றும் சொல்லவில்லை. சரி என்றும் சொல்லவில்லை. மாமனார், "பீஸ் எவ்வளவு?" என்று கேட்டார். தொகையைக் கேட்டுவிட்டு மறுபடி செய்தித்தாளை எடுத்துக்கொண்டார்.

புறப்படுகிற அன்று பெட்டி கட்டியது மாமியார். பருப்புப்பொடி, உப்பு நாரத்தங்காய், வேப்பிலைக்கட்டி, வழக்கமான சாமான்கள். எல்லாவற்றுக்கும் மேலே, படப்பைக் கடைத்தெருவில் அன்று காலை வாங்கி, புடைத்துச் சுத்தம் செய்து, இரட்டை நூலால் கட்டிய ஒரு துணி மூட்டை. கால் கிலோ இருக்கும்.

"இது என்னம்மா?"

"கொத்தமல்லி விதை. அந்த மாளிகைக்காரம்மாகிட்டே கொடு. மொத்தமா இடிச்சு வச்சுக்க வேண்டாம், அப்பப்ப இடிச்சுப் போட்டா வாசனை நிக்கும்னு சொல்லு."